எட்டேகால் பஸ்ஸில் ஒரு துண்டு

2005 ஆடி மாதம், உத்திராபதி இறந்த பதினேழாம் நாள் காலையில், கடலூர் பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பிய எட்டேகால் சிதம்பரம் பஸ்ஸின் ஜன்னல் வழியாக அவருடைய பச்சைக்கரைத் துண்டு பறந்து வந்து, இரண்டு பேர் சீட்டில் விழுந்தது. எறிந்த கையை யாரும் பார்க்கவில்லை. அவருக்கும் மனைவி பவானிக்கும் சிதம்பரத்தில்தான் வேலை. பஸ்ஸோடு ஓடித் துண்டு போட்டு அவளுக்கு ஜன்னலோரம் பிடித்துத் தருவது ஒன்றுதான் உயிரோடு இருந்தவரை அவர் செய்த உருப்படியான காரியம். மற்றபடி கேஸ் சிலிண்டர் மாற்றக்கூடத் தெரியாது. கருமாதியன்று பவானியின் அண்ணன் கெடிலம் ஆற்றில் விட்ட துண்டு அது. சொட்டு ஈரமில்லாமல் திரும்பியிருந்தது. பதினாறு முடிந்த மறுநாளே வேலைக்குக் கிளம்பிவிட்டாள் என்று அவள் குடியிருந்த மஞ்சக்குப்பம் பேச ஆரம்பித்திருந்த பேச்சு, இதனால் பாதியில் நின்றது.

பவானி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் துண்டு உட்கார்ந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் அது பறந்து வந்து இடம் பிடித்தது. யார் இழுத்தாலும், அவளே இழுத்தாலும், அம்மிக்கல் கனம். "செத்தும் சீட்ட உட மாட்றாரு பாரு மாமா" என்றாள் தினமும் அதே பஸ்ஸில் வரும் மீன்காரி கொளஞ்சியம்மாள்.

2008 கடைசியில் ராஜமாணிக்கம் அந்த பஸ்ஸுக்கு வந்தார். கல்லூரி ஆய்வகத்தில் வேலை, மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷம், உப்புமா தவிர எதுவும் கிண்டத் தெரியாதவர். நிற்கிறவர்கள் உட்கார்ந்திருப்பவர் மடியில் பையைக் கொடுக்கும் வழக்கப்படி, சாப்பாட்டுப் பையைப் பவானியிடம் கொடுத்தார். மூன்றாம் மாதம் ஒருநாள் சிதம்பரத்தில் திறந்தால் உப்புமாவைக் காணோம், வத்தக்குழம்பு இருந்தது. அதன்பின் இரண்டரை வருஷம் மனுஷன் நின்றுகொண்டே காதலித்தார். காலில் நரம்பு சுருண்டுவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து ரயிலில் போகப்போவதாக ஒருநாள் சொல்லிவிட்டார்.

பவானி துண்டின் பக்கம் திரும்பினாள். "என்னாங்க, ஆறு வருஷம் உக்காந்தாச்சி. அவுங்க கால் வீங்கிப் போயி நிக்கறாங்க. நான் அவுங்களக் கட்டிக்கப் போறேன். நீங்க எறங்குனாலும் சரி, தள்ளி உக்காந்தாலும் சரி."

துண்டு அசையவில்லை. "வீம்பு ஜாஸ்தி மாமாவுக்கு" என்று கொளஞ்சியம்மாள் திருப்தியோடு இறங்கிப் போனாள்.

திங்கட்கிழமை துண்டு பறந்து வந்து எதிர்ப்பக்கம், மூன்று பேர் சீட்டில் விழுந்தது. ஆனால் இந்தத் தடவை ஜன்னலோரத்தை உத்திராபதி தனக்கே வைத்துக்கொண்டார். பவானி நடுவில் உட்கார, ஓரத்தில் உட்கார்ந்த ராஜமாணிக்கம் காலை நடைபாதையில் நீட்டிக்கொண்டார். அடுத்த மாதம் இருவருக்கும் பதிவுத் திருமணம் நடந்தது. 2012-லும் அப்படியேதான் போய்வருகிறார்கள். புதிதாக ஏறுகிறவர் யாராவது ஜன்னலோரத்தைக் கேட்டால், கண்டக்டர், "அங்க ஆள் இருக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த டிக்கெட்டைக் கிழிக்கப் போய்விடுகிறார்.