எங்கேயும் காட்டவில்லை

கொளஞ்சியப்பன் மகளின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார். கையில் கடிகாரம், கண் அவள் நெஞ்சின் மேல். நிமிடத்துக்கு இருபதுக்குள் இருக்க வேண்டியது, முப்பத்திரண்டு வந்தது. தப்பாக எண்ணியிருப்போம் என்று மறுபடியும் எண்ணினார். முப்பத்து நாலு. அந்த இரண்டாவது தடவை எண்ணாமலே இருந்திருக்கலாம்.

பொன்னிக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஏழாம் மாத வளைகாப்பு. அன்றைக்கே புவனகிரிக்கு, தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். திங்கட்கிழமை தொண்டை வலி, செவ்வாய் காய்ச்சல். இன்று வியாழன். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். ஒவ்வொரு இருமலுக்கும் அத்தனையும் சேர்ந்து குலுங்கின. அடுப்படியில் இருந்த மனைவி மங்கலத்துக்கு அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கை நின்றது.

செவ்வாய்க்கிழமையே மகளுக்கு ஊசி போட்டார் கொளஞ்சியப்பன். ஊருக்கெல்லாம் போடும் அதே ஊசி. காய்ச்சல் மருந்தோடு ஸ்டீராய்டு கொஞ்சம் கலந்து போடுவார். ஒரு மணி நேரத்தில் உடம்பு குளிர்ந்துவிடும், ஆள் எழுந்து காபி கேட்கும். ‘கைராசிக்காரர்’ என்று ஊர் சொன்னதெல்லாம் அந்தச் சின்னக் குப்பியின் வேலை. பொன்னியும் எழுந்து காபி கேட்டாள். மறுநாள் காலை மறுபடி கொதித்தது, மறுபடி போட்டார்.

வாசல் போர்டில் ‘டாக்டர்’ என்று போட்டிருந்தாலும் அவர் டாக்டர் இல்லை. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு டாக்டரிடம் பத்தொன்பது வருடம் கம்பவுண்டராக இருந்தவர். அந்த டாக்டர் போய்ச் சேர்ந்ததும் ஸ்டெதஸ்கோப்போடு புவனகிரிக்கு வந்தார். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆனால் தன் அளவு அவருக்குத் தெரியும். கை மீறிய கேஸை அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். அனுப்புவதற்கு முன்னால் இரண்டு காரியம் உண்டு. பஸ்ஸில் நடுங்காமல் போய்ச் சேரட்டும் என்று ஓர் ஊசி. அப்புறம் ஒரு பாடம்: “இதுக்கு முன்னாடி எங்க காட்டுனீங்கன்னு கேப்பாங்க. எங்கியும் காட்டல, மெடிக்கல்ல ஒரு மாத்திரதான் வாங்கிப் போட்டோம்னு சொல்லணும்.” ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூட அந்தப் பாடம் மனப்பாடம்.

இது 2010, ஆவணி மாதம். பன்றிக்காய்ச்சல் இரண்டாவது வருடமாக ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது. மூன்று வாரத்துக்கு முன் கடலூரில் ஒரு கேபிள் டிவியில் விவாதம் வைத்தார்கள்: தடுப்பு மருந்து வேண்டுமா, தொண்டையில் எடுக்கும் டெஸ்ட் அவசியமா என்று. ஒரு பக்கம் அறிவுமதி, அரசாங்கப் பெண் டாக்டர், முப்பது வயதுகூட இருக்காது. இன்னொரு பக்கம் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில் கொளஞ்சியப்பன். எல்லாம் வழக்கமான சளிக்காய்ச்சல்தான், தடுப்பு மருந்து வெளிநாட்டுக்காரன் தள்ளிவிட்ட சரக்கு, டெஸ்ட் என்பது ஜனங்களை மிரட்டுகிற வேலை, முகத்தில் துணி கட்டிக்கொண்டு திரிவது கேலிக்கூத்து என்று அவர் வெளுத்து வாங்கினார். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“உங்க பதிவு நம்பர் என்னங்க சார்?”

“எனக்கு நம்பர் கெடையாதும்மா. எனக்கு ஜனங்க இருக்காங்க.”

அப்போது பாருங்கள், போனில் வந்தவர்கள் எல்லாம் அவரைத்தான் கொண்டாடினார்கள். மறுநாள் புவனகிரி கடைத்தெருவில் நாலு பேர் கைகொடுத்தார்கள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பதிலை அவரே நாலைந்து இடத்தில் மறுபடி சொல்லிக்காட்டினார்.

இப்போது முப்பத்து நாலு.

மங்கலம் வந்து கதவோரம் நின்றாள். சிதம்பரத்தில் கல்யாண மண்டபத்தில் காய்ச்சல் முகாம் போட்டிருக்கிறார்களாம், கர்ப்பிணிகளுக்கு டெஸ்ட்டுக்குக்கூடக் காத்திருக்காமல் மாத்திரை தருகிறார்களாம் என்றாள். அந்த முகாமில் டாக்டராக உட்கார்ந்திருப்பது அறிவுமதிதான் என்பது அவருக்குத் தெரியும். “நீ அழச்சிக்கினு போ. நான் பின்னாடியே வரேன்” என்றார்.

கிளம்புமுன் பொன்னிக்கு ஊசி போட்டார். யோசித்துப் போடவில்லை; அது கையின் பழக்கம். பாடத்தைச் சொல்ல வாய் திறந்தபோது பொன்னியே முந்திக்கொண்டாள். “எங்கியும் காட்டல. தெரியும்ப்பா” என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே இருமலானது.

பஸ் வெள்ளாற்றுப் பாலம் ஏறும்போது, கடைசி சீட்டிலிருந்து மகளின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டு வந்தார். மண்டபத்தின் எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கைக்குட்டையை மூக்கின் மேல் கட்டிக்கொண்டார். பாதி ஊர் அப்படித்தான் கட்டியிருந்தது. யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கேலிக்கூத்து அன்றைக்கு உபயோகப்பட்டது.

வரிசை தெரு வரைக்கும் நின்றது. அரை மணிதான் ஆகியிருக்கும், மங்கலம் பொன்னியோடு வெளியே வந்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. வாசலில் நர்ஸ் வாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாளாம், காய்ச்சலே இல்லையாம். டெஸ்ட்டும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம், வீட்டில் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார்களாம். மூச்சு வாங்குகிறதே என்று கேட்டதற்கு, மாசமாக இருக்கிறேன், பஸ்ஸை விட்டிறங்கி நடந்து வந்தேன், அதனால்தான் என்று பொன்னியே சொல்லிவிட்டாளாம். டாக்டரிடம் போகவே இல்லை.

“முன்னாடி எங்க காட்டுனீங்கன்னு கேட்டாங்க. கரெக்டா சொல்லிட்டேம்ப்பா” என்றாள் பொன்னி.

அவள் உதட்டைப் பார்த்தார். லேசாக நீலம் ஏறியிருந்தது. காய்ச்சல் இல்லாமல் எப்படி இருக்கும்? அவர்தானே அதை ஓட்டி அனுப்பினார். உள்ளே நோய் இருந்த இடத்திலேயே இருக்கிறது, வளர்கிறது. வாசலில் அதைப் பிடிக்க இருந்த ஒரே அடையாளத்தை அவர் தன் கையால் அழித்திருக்கிறார். இப்படியே வீட்டுக்குத் திரும்பினால் இவள் பிழைக்க மாட்டாள். பிள்ளையும் பிழைக்காது. பத்தொன்பது வருடம் ஒரு டாக்டர் பக்கத்தில் நின்று கற்றது இதற்குத்தானா என்று அவருக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

ஓடிப்போய்விடலாம் என்றும் தோன்றியது. ஏன் பொய் சொல்ல வேண்டும், தோன்றத்தான் செய்தது. மங்கலத்தை மட்டும் திருப்பி அனுப்பி, ‘யாரோ ஒருத்தர்’ ஊசி போட்டார் என்று சொல்ல வைக்கலாம். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை தடவை என்று டாக்டர் கேட்டால் அவள் என்ன சொல்வாள்? குப்பியின் பேர் அவருக்குத்தான் தெரியும்.

கைக்குட்டையை அவிழ்த்துவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையைத் தாண்டி உள்ளே போனார். தடுத்தவர்களிடம் என்ன சொன்னார் என்று அவருக்கே நினைவில்லை. மேஜையில் அறிவுமதி நிமிர்ந்து பார்த்தாள். யாரென்று தெரிந்துகொள்ள அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

“என் பொண்ணும்மா. ஏழு மாசம். காய்ச்சல் இருக்கு, நான்தான் அமுக்கி வச்சிருக்கேன். மூணு நாளா ஊசி போட்டேன். காலையிலயும் போட்டேன்.” மருந்தின் பேரைச் சொன்னார், அளவைச் சொன்னார். “மூச்சு முப்பத்து நாலு.”

அவள் பொன்னியின் விரலில் ஆக்ஸிஜன் அளக்கும் கருவியை மாட்டினாள். அதில் வந்த எண்ணைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். அடுத்த சில நிமிடங்களில் பொன்னி திரைக்குப் பின்னால் கட்டிலில் கிடந்தாள், முகத்தில் ஆக்ஸிஜன். மாத்திரை கொடுத்தார்கள், தொண்டையில் மாதிரி எடுத்தார்கள், ஆம்புலன்சுக்குச் சொன்னார்கள். அறிவுமதி சீட்டோடு திரும்பி வந்தாள்.

“ஊசி போட்டவர் பேர்?”

“கொளஞ்சியப்பன்.”

“படிப்பு?”

கூடம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. பாதி புவனகிரி அங்கேதான் நின்றது.

“கம்பவுண்டர்” என்றார். “டாக்டருக்குப் படிக்கலம்மா.”

அதை எழுதிக்கொண்டாள். திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. பிழைப்பாளா என்று கேட்டார். இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றாள். அப்புறம் அவள் பார்வை அவரைத் தாண்டி வரிசைக்குப் போனது. அவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

“இங்க யார் யாரு இவர்கிட்ட ஊசி போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க? காய்ச்சல் இல்லேன்னு நாங்க திருப்பி அனுப்பிடுவோம். தயவு செஞ்சு சொல்லுங்க.”

யாரும் கை தூக்கவில்லை. கொளஞ்சியப்பன் வரிசையைப் பார்த்தார். மேளக்காரர் மகன், பழக்கடைக்காரி, பேரனை இடுப்பில் வைத்திருந்த முத்தம்மாள். தெரிந்த முகமாகவே இருந்தது. நேற்றும் முந்தாநாளும் இவர்கள் சட்டைக் கையைச் சுருட்டி ஊசி போட்டது அவர்தான். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

திரைக்குப் பின்னால் இருமல் வந்தது, வளையல்கள் குலுங்கின.

கொளஞ்சியப்பன் முத்தம்மாளிடம் போனார். “முத்தம்மா, நேத்து சாயங்காலம் புள்ளைக்கி எடது தொடயில போட்டேன். சொல்லிடும்மா. எனக்கு ஒண்ணும் ஆவாது, சொல்லிடு.”

முத்தம்மாளின் கண் கலங்கியிருந்தது. நம் டாக்டர் மகளுக்காகப் பயந்து உளறுகிறார், நாம்தான் அவரை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அவள் நினைத்திருக்க வேண்டும். பேரனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அறிவுமதியைப் பார்த்துச் சொன்னாள்.

“எங்கியும் காட்டலம்மா. இந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாது.”