படகின் பின் இருக்கை

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு படகுப் பயணத்தின் கதை சொல்கிறேன். படகு தண்ணீரைத் தொடும் முன்பே முடிந்துவிடும் கதை, பயப்படாதீர்கள்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிறவள் ஒருத்தி. புருஷன் இறந்துபோன பிறகு அவள் அழவேயில்லை. வேலைக்குப் போனாள், சமைத்தாள், சாப்பிட்டாள். மரத்துப்போன காலை ஊன்றி நடப்பது போலத்தான். தரை இருப்பது தெரிந்தது, படுவது தெரியவில்லை.

வருஷத்துக்கு ஒருநாள் புருஷனும் அவளுமாக, வானை முட்டும் பாறைகளுக்கு நடுவே ஓடும் ஆற்றில் துடுப்புப் படகில் போவார்கள். இந்த வருஷம் நான் கூட்டிப்போகிறேன் என்று நாத்தனார் வந்து நின்றாள். பள்ளி வேன் ஓட்டுகிறவள். ஒரு முடிவெடுத்தால் பிரேக்கே கிடையாது. சமையலறை மேஜையில் வரைபடத்தை விரித்துவிட்டுப் படகுக்காரருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள்.

"ரெண்டு பேரு எடையும் சொல்லுங்க. கனமானவங்கதான் பின்னாடி உக்காந்து திருப்பணும்," என்றார் அவர்.

"எனக்கு அம்பத்திரண்டு. பின்னாடி உக்கார்றவங்களுக்கு எண்பத்தொண்ணு," என்றாள் அண்ணி.

"எண்பத்தொண்ணா? நேத்து ரெண்டு பன்னு சேத்துத் தின்னேன், அதுக்காக இப்படியா அண்ணி..." என்று சிரிக்க ஆரம்பித்த நாத்தனாருக்குப் பாதியில்தான் உறைத்தது. அது அண்ணனின் எடை.

கண்ணாடிக்காரிக்கு அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. ஈரத் துணியால் மேஜையைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே துடைத்தாள்.

"வேண்டாம்னா விட்டுடலாம் அண்ணி. பாறைகளுக்கு உள்ள போயிட்டா நடுவுல கரையேற வழியே கிடையாது."

"முன்னாடி உக்காந்தா திரும்பிப் பாக்கக் கூடாது, படகு ஆடும். வருஷக்கணக்கா அவர் குரல் மட்டுந்தான் பின்னாலேர்ந்து வரும். இப்பவும் முன்னாடி உக்காந்தா, அதுக்காகக் காத்துக்கிட்டே இருப்பேன்." செய்தி வாசிப்பது போலச் சொன்னாள். "போகாம இருந்தா இங்க உக்காந்து காத்துக்கிட்டிருப்பேன். பின்னாடி நான் உக்காந்துக்கறேன்."

"ஒங்களுக்குத் திருப்பத் தெரியுமா?"

"தெரியாது."

"அடி ஆத்தீ! என் உயிரு அவ்வளவு மலிவாப் போச்சா?"

போனில் இருந்தவர் கனைத்தார். "லேசானவங்க பின்னாடி இருந்தா முன்பக்கம் அமுங்கிடும்மா, சொன்ன பேச்சு கேக்காது. தண்ணிக் கேனு, பை எல்லாத்தையும் உங்களுக்குப் பின்னால கட்டுங்க. முதல்ல தேங்கின தண்ணியில வந்து பழகுங்க. கை பழகாம ஆத்துல விடமாட்டேன்."

நாத்தனார் அண்ணியின் முகத்தையே பார்த்தாள். அதில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. ஆனாலும் கை துணியை விட்டிருந்தது.

"வலப்பக்கம் திருப்பணும்னா துடுப்பை எந்தப் பக்கம் போடணும்?" என்று படகுக்காரரைக் கேட்டாள் அண்ணி. எத்தனையோ நாளைக்கு அப்புறம் அவள் கேட்ட முதல் கேள்வி அது.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் ஒருவர் கூப்பிட்டால் "என்ன?" என்று கேட்க இன்னொருவர் என்றும் இருக்கட்டும்; அடுப்பும் பேச்சும் அணையாமல், குடும்பம் தழைத்து நிற்கட்டும்.