கூடத்துக்கு வந்த கடல்

தில்லையடியில், நூர்தீனின் வீட்டுக் கூடம் மறுபடியும் நனைந்து கிடந்தது. அலீமா சாக்கைப் போட்டு ஒற்றியெடுத்துவிட்டு, விரல் முட்டியால் தரையைத் தட்டிப் பார்த்தாள். பெரிய மீன்தொட்டியின் இரும்புக் கால்களைச் சுற்றிச் சீமெந்து பொக்கென்று ஒலித்தது. உப்புப் பூத்த சிவப்புப் பூச்சு பொருமி, கை பட்டதும் உரிந்து வந்தது.

மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, ஓலைக் கொட்டிலில் மணல்மேல் பாய் விரித்துக் காலம் கழித்தவள் அவள். கல்வீடு எழும்பியபோது சுவருக்கு வெள்ளையடிக்கும் முன்பே தரைக்கு மெருகு கேட்டவள். அடுத்த மாதம் மகள் நஸ்லாவின் நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இந்தத் தரையில் வட்டமாக அமர்ந்து, ஒரே சஹன் தட்டில் கைபோட்டுச் சோறு உண்ண வேண்டும். அவளுக்கு வேறு ஆசை இல்லை.

"மதினி, கோவிக்காதீங்க." நூர்தீனின் தங்கை ஸஹ்னா சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். "இஞ்ச சஹன் வெச்சா சோத்துக்குள்ள மீன் நீந்தும். விருந்த எங்கட ஊட்டுல வெப்பம். எங்கட தரை மாபிள் கல்லு."

"என்ட புள்ளட சோறு என்ட ஊட்டுல."

"அப்ப காக்காட தொட்டிய உடைங்க."

அவள் தன் அண்ணன் நூர்தீனை முறைத்தாள். கற்பிட்டிக் கடலில் மூழ்கி வண்ண மீன் பிடிக்கும் சுழியோடி அவர். மூடப்பட்ட விடுதியொன்றிலிருந்து அந்தத் தொட்டியை வாங்கிவந்து, அந்த மீன்களில் சிலவற்றைப் பிள்ளைகளைப்போல வளர்த்தார். மேல்தொட்டியின் நீர் கீழேயுள்ள சிறு தொட்டிக்கு வடிந்து தெளியும். மோட்டர் அதைக் குழாய்வழியே மீண்டும் மேலேற்றும். கண்ணாடிப் பொருத்துத்தான் கசிகிறது என்று நம்பி, இரண்டு தடவை நீரை இறைத்துப் பிசின் பூசியிருந்தார். பயனில்லை.

அலீமாவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. எரிபொருளுக்கும் மின்சாரத்துக்கும் நாடே தவித்த ஆண்டு அது. மின்வெட்டு இல்லாத நாளில் தரை நனைந்ததாக அவளுக்கு நினைவில்லை. மறுநாள் மின்சாரம் நிற்கும் வேளைக்குத் தொட்டியருகே கதிரையைப் போட்டு அமர்ந்தாள்.

மோட்டர் நின்றது. மேல்தொட்டியின் நீர் இறங்கத் தொடங்கியது. ஏற்றும் குழாயில் கையை வைத்தாள். உள்ளே நீர் வந்த வழியே திரும்பி ஓடுவது விரலுக்குத் தெரிந்தது. கீழ்த்தொட்டி நிரம்பி விளிம்பைத் தாண்டியது.

"இஞ்ச வாங்க!" என்று நூர்தீனைக் கூப்பிட்டாள். "டீசல் பெரலுக்குள்ள இருந்து டியூப்பால இழுப்பீங்களே, எப்படி நிப்பாட்டுவீங்க?"

"டியூப்பத் தூக்குவன். காத்துப் போனா நிக்கும்."

"இதுக்குள்ள காத்துப் போக வழி எங்க?" அவள் விரல் குழாயோடு மேலேறி, நீர் மட்டத்தருகே ஒரு பிசின் கட்டியில் தட்டுப்பட்டது. "இது என்ன?"

"ஓட்டை. கொண்டு வந்த அண்டைக்கே அடைச்சுப் போட்டன்." நூர்தீன் பெருமையோடு சொன்னார். "ஓட்டையான மூச்சுக் குழாயோட கடலுக்குள்ள போனவன் திரும்பி வருவானா?"

"கடலுக்குள்ள போறது நீங்க. இது ஊட்டுக்குள்ள நிக்கிற குழாய்!"

முக்காட்டு ஊசியை உருவி, பிசினைக் குத்திக் கிளறினாள். குழாய் சீறிக் காற்றை உறிஞ்சியது. ஓட்டம் அறுந்தது. விளிம்பில் வழிந்துகொண்டிருந்த நீர் சொட்டாகி நின்றது.

நூர்தீன் தலையைச் சொறிந்தார். "விடுதிக்காரனுகள் வேணுமெண்டுதான் போட்டிருக்கானுகள்."

"ஓம். நீங்க வேணுமெண்டு அடைச்சிருக்கீங்க."

பொருமிய இடத்தை மேசன் அல்பேட் கொத்தியெடுத்தான். அன்றே பூசிவிட அவசரப்பட்டவனை அலீமா தடுத்தாள். "உப்புக்கு மேல பூசினா திரும்பவும் பூக்கும். கழுவு." கிணற்று நீர் உப்புக் கரிக்கும் சவர் என்பதால் பவுசர் லொறி நீரை ஊற்றிக் கழுவி, ஒற்றி, காயவிட்டார்கள். வெண்மை பூத்தபோதெல்லாம் மறுபடி கழுவச் சொன்னாள். கடைசியில் ஈரத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "இப்ப பூசு," என்றாள்.

நிக்காஹ் நாளில் கூடம் நிறையப் பெண்கள். சஹனைச் சுற்றி அமர்ந்து அவர்கள் சோற்றில் கைவைத்த நேரம் மின்விசிறி நின்றது. மோட்டரும் நின்றது.

"யா அல்லாஹ்!" ஸஹ்னா துள்ளி எழுந்து சேலையைத் தூக்கினாள். வாசலில் நின்ற நூர்தீன் தொட்டியை எட்டிப் பார்த்தார்.

மேல்தொட்டியின் நீர் சற்றே தாழ்ந்தது. ஓட்டை 'களுக்' என்று காற்றை விழுங்கியது. கீழ்த்தொட்டி விளிம்புக்குள்ளேயே அடங்கி நின்றது. புதிய சிவப்புத் தரை உலர்ந்து பளபளத்தது.

அலீமா ஸஹ்னாவின் தோளைப் பிடித்துக் கீழே அமர்த்தினாள்.

"சேலைய விடுங்க, ஸஹ்னா. இந்தத் தரையில வழுக்கி விழ மாட்டீங்க. வழுக்கிறது உங்கட மாபிள்."

கூடமே சிரித்தது. அவள் நிமிர்ந்து நின்று வாசலைப் பார்த்தாள்.

"நஸ்லாட வாப்பா, என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீங்க? இனிப்புக்கு வட்டிலப்பத்தக் கொண்டாங்க!"