மாப்பிள்ளை கையில் வெள்ளிக்கிழமை

பெண் வீட்டில் சம்மதம் என்று தகவல் வந்த அன்றைக்கே எட்மண்டுக்குக் கவலையும் வந்தது. சம்மதம் வரைக்கும் சந்தோஷம்தான். ஆனால் தகவலைக் கொண்டுவந்த அவன் அக்கா அந்தோனியம்மாள் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள்.

"மாப்பிள்ளைக்கு வாட்ச் போடலாம்னுதான் இருந்தாங்களாம். உன் கையில கிடந்ததைப் பார்த்துட்டு, இவருக்கு நாம என்ன வாட்ச் போடறது, மோதிரமே போட்டுடலாம்னு சவரிராஜ் சொல்லிட்டாரு. போனஸ்ல வாங்கினேன்னு நீயே சொன்னியாமே?"

சொல்லியிருந்தான். பெண்ணின் அப்பா சவரிராஜ் ஆசையாக, "ஜப்பான் ஆட்டோமேட்டிக்கா? எப்ப வாங்கினீங்க?" என்று கேட்டார். "போன வருஷம் போனஸ்ல, மாமா" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. உண்மையில் அந்த நீல முக வாட்ச், துறைமுகக் கிடங்கில் அவனோடு வேலை பார்க்கும் இயேசுதாசனுடையது. வெறுங்கையோடு பெண் பார்க்கப் போகாதே என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தவன், திங்கட்கிழமை காலையில் மறக்காமல் திருப்பி வாங்கிக்கொண்டான்.

நிச்சயதார்த்தத்துக்கு மூன்று வாரம் இருந்தது. அதற்குள் அதே மாதிரி ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று எட்மண்ட் முடிவு செய்தான். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும், கிளமெண்டியில் இருந்த வீட்டுக்குப் போகாமல் சிராங்கூன் ரோட்டுக்கு பஸ் ஏறினான்.

அது 1981, சிங்கப்பூர். அந்தச் சாலையில் அப்போது வாட்ச் கடைகளுக்குக் குறைவில்லை. முதல் கடையில் நீல முகம் இருந்தது, விலையைக் கேட்டதும் நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட்டான். இரண்டாவது கடைக்காரர், "இப்ப எல்லாரும் பேட்டரி வாட்ச்தான் லா வாங்கறாங்க" என்று அவனைத் திசை திருப்பப் பார்த்தார். மூன்றாவது, மசாலாக் கடைக்குப் பக்கத்தில் இருந்த அப்துல் கஃபாரின் சின்னக் கடை. எட்மண்ட் உள்ளே போய்க் கண்ணாடிப் பெட்டிமேல் குனிந்து, பையில் இருந்த நூறு டாலரை நினைத்துக்கொண்டு, தலை நிமிராமலேயே கேட்டான்.

"நீல முகம், ஸ்டீல் செயின், ஆட்டோமேட்டிக். நூறு வெள்ளிக்குள்ள இருக்குமா?"

"அந்த விலைக்குக் கிடைக்காதே சார். போன ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கே ஒண்ணு வந்துச்சு. நல்லா இருந்துச்சு."

எட்மண்ட் நிமிர்ந்தான். பெட்டிக்கு அந்தப் பக்கம் பிரிஜட் நின்றுகொண்டிருந்தாள். அவன் பார்த்துவிட்டு வந்த பெண். சிராங்கூன் ரோட்டில் ஒரு கடையில் வேலை என்று அக்கா சொன்னபோது, துணிக்கடை என்று அவனாகவே நினைத்துக்கொண்டிருந்தான்.

"உட்காருங்க சார்" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். "யாருக்கு வாட்ச்?"

"தம்பிக்கு."

"உங்களுக்கு அக்கா மட்டும்தான்னு சொன்னாங்களே."

"தம்பி மாதிரி. சிநேகிதன்."

"அவருக்கும் அதே நீல முகம்தான் வேணுமா? ரெண்டு பேரும் ஒரே மாதிரி கட்டிக்கிட்டுப் போனா அழகாத்தான் இருக்கும்."

எட்மண்டுக்குக் காது சுட்டது. எழுந்து ஓடிவிடலாமா என்று தோன்றியது. ஓடினால் அடுத்த மூன்று வாரமும் அதை நினைத்தே செத்துவிடுவோம் என்றும் தோன்றியது. ஸ்டூலிலேயே உட்கார்ந்து, "அது என்னோட வாட்ச் இல்லைங்க" என்றான்.

"தெரியும்."

"தெரியுமா?"

"கேக் தட்டை நீட்டினேன், நீங்க கையைத் தூக்கினீங்க, வாட்ச் முழங்கை வரைக்கும் ஓடிடுச்சு. சரி, செயின் லூசுன்னு நினைச்சேன். அப்புறம் பார்த்தா நேரம் சரியா இருக்கு, கிழமை மட்டும் வெள்ளிக்கிழமைன்னு காட்டுது. ஆட்டோமேட்டிக் வாட்ச் கை அசைஞ்சாத்தான் ஓடும். கழட்டி வச்சா ரெண்டு நாள்கூடத் தாங்காது. யாரோ வியாழக்கிழமை கழட்டி வச்சதை நீங்க ஞாயித்துக்கிழமை எடுத்துக் கட்டிக்கிட்டு, முள்ளை மட்டும் திருப்பியிருக்கீங்க."

"கிழமையை எப்படி மாத்தறதுன்னு தெரியலை" என்றான் எட்மண்ட் மெதுவாக.

பிரிஜட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாம் தெரிஞ்சுமா சம்மதிச்சீங்க?"

"பொய் சொல்லிப் பழகினவரா இருந்தா கிழமையையும் சரி பண்ணிட்டு வந்திருப்பாரு. இந்த ஆளுக்கு அது வராதுன்னு நினைச்சேன்." சொல்லிவிட்டுச் சட்டென்று குனிந்து கீழ்த் தட்டைத் திறந்தாள். "கையை நீட்டுங்க."

பச்சைத் துணிமேல் மூன்று வாட்ச்களை வைத்தாள். ஒன்று நீல முகம், நூற்றுத் தொண்ணூறு வெள்ளி. இன்னொன்று தங்க நிறத்தில் பளபளத்தது. மூன்றாவது, வெள்ளை முகத்தோடு அடக்கமாக இருந்த சீக்கோ, எண்பத்தைந்து வெள்ளி. எட்மண்ட் முதலில் நீலத்தைக் கட்டிப் பார்த்தான். அவனுடைய ஒல்லியான மணிக்கட்டில் அது தட்டு மாதிரி உட்கார்ந்தது. தங்க நிறத்தைக் கட்டியபோது, "கிடங்கு வேர்வைக்கு ஒரு வருஷத்துல வெளுத்துடும்" என்றாள். வெள்ளை முகத்தைக் கட்டி, கையைப் பெட்டிக்கடியில் இருட்டில் நீட்டிப் பார்த்தான். முள் இரண்டும் பச்சையாக மினுங்கின.

"எது நல்லா இருக்கு?" என்று கேட்டான்.

"நான் சொல்ல மாட்டேன். அப்புறம் காலம் பூரா, நீ எடுத்த வாட்ச்தானேன்னு என்னையே சொல்வீங்க. நீங்களே எடுங்க."

எட்மண்ட் நீலத்தை மறுபடியும் எடுத்தான், வைத்தான். தேநீர் குடிக்கப் போயிருந்த அப்துல் கஃபார் திரும்பி வந்து, பெட்டிமேல் கிடந்ததையும் அவன் முகத்தில் வழிந்த வேர்வையையும் பார்த்தார்.

"என்னம்மா, ரொம்ப நேரமாவா?"

"இவருக்கு மெதுவாத்தான் முடிவு வரும், பாய். எனக்கு இனிமே பழகிடும்."

பாய் ஒருமுறை அவளைப் பார்த்தார், ஒருமுறை அவனைப் பார்த்தார். பிறகு எதையோ தேடுகிறவர் மாதிரி கடையின் பின்பக்கம் போய்விட்டார்.

எட்மண்ட் வெள்ளை முகத்தை எடுத்தான். "இது போதும். தினமும் கட்டிக்கலாம். இதைப் பார்த்து யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க."

"எங்க அப்பா கேட்பாரு."

"கேட்டா உண்மையைச் சொல்லிடறேன்."

பிரிஜட் செயினில் மூன்று கண்ணியைக் கழற்றி அளவு சரிசெய்து, கிழமையைச் சனிக்கு வைத்து, அவன் கையில் தானே மாட்டிவிட்டாள். கிழமை மாற்றுவது எப்படி என்று இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தாள். அவன் இரண்டாவது தடவைதான் கவனித்தான்.

நிச்சயதார்த்தம் பெண் வீட்டில் நடந்தது. எட்மண்ட் உள்ளே வந்து உட்கார்ந்த உடனேயே சவரிராஜின் பார்வை அவன் மணிக்கட்டுக்குப் போனது. அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் எட்மண்ட் முந்திக்கொண்டான்.

"இதுதான் மாமா என் வாட்ச். அன்னைக்குக் கட்டியிருந்தது சிநேகிதனோடது. போனஸ்ல வாங்கினேன்னு சொன்னது பொய்."

அக்கா அந்தோனியம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். சவரிராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"சட்டை?" என்றார்.

"என்னுதுதான், மாமா."

"வாசல்ல கழட்டி விட்டிருக்கற ஷூ?"

எட்மண்ட் தரையைப் பார்த்தான். அதுவும் இயேசுதாசனுடையதுதான். அதை அவன் மறந்தே போயிருந்தான். சவரிராஜின் நெற்றி சுருங்கியது.

அப்போது காபித் தட்டோடு வந்த அவர் மனைவி ரோசம்மா, "போதும், விடுங்க" என்றாள். "என்னைப் பார்க்க வந்த அன்னைக்கு நீங்க போட்டிருந்த கோட்டு யாரோடது? கல்யாணம் முடிஞ்ச வாரமே ஒருத்தர் வந்து கேட்டு வாங்கிட்டுப் போனாரே. கோட்டு உங்களோடதுன்னு எங்க அப்பா சாகற வரைக்கும் நம்பிட்டு இருந்தாரு."

முதலில் சிரித்தது அந்தோனியம்மாள்தான். பிறகு கூடமே சிரித்தது. சவரிராஜ் கொஞ்ச நேரம் விறைப்பாக இருந்து பார்த்தார், முடியவில்லை. காபியை எடுத்து எட்மண்டின் கையில் கொடுத்து, "ஆறிடப் போகுது, குடிங்க மாப்பிள்ளை" என்றார்.

அடுத்த மூன்று ஞாயிறும் மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். ஜனவரியில் கல்யாணம் நடந்தது.