தேரோடும் வழியில் எங்கள் தெரு

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் தெரு எழுந்துபோய்த் தேரோடும் வழியில் படுத்துக்கொண்டது. நான் அப்போது வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். முதல் கைத் தண்ணீர் பழைய இடத்தில் விழுந்தது. வாளி காலியானபோது எதிரே ரேஷன் கடை இருந்தது. என் வீட்டுக்காரர் பங்கிராசு பல் குச்சியோடு வெளியே வந்து இரண்டு பக்கமும் பார்த்தார்.

"பரவால்ல, ரேஷன் கடை பக்கத்துல வந்துருச்சு" என்றார்.

"கடை எங்க வந்துச்சு? நாமதான் வந்திருக்கோம்" என்றேன். எதையும் சரியாகச் சொல்ல வேண்டும், இல்லையா?

தெரு முழுசாக வந்திருந்தது. வீடுகள், சாக்கடை, கரண்டு கம்பங்கள், முனையிலிருக்கும் புங்கமரம், அதில் கட்டியிருந்த எதிர்வீட்டுச் சகாயத்தின் ஆடு, ஒன்றும் விட்டுப்போகவில்லை. தலை கோவில் பக்கமும் கால் மேலத்தெரு முக்கிலுமாக நீட்டிப் படுத்திருந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். உள்ளே ஓடி, "அண்ணி, கிளம்பிட்டோம்!" என்று கத்தினேன்.

அண்ணி என்றால் பங்கிராசின் அக்கா, அலங்காரம். சின்ன வயதில் காய்ச்சல் வந்து இரண்டு காலும் விளங்காமல் போனவர். வாய் மட்டும் ஊரைச் சுற்றி வரும். எங்கள் ஊர்க் கோவில் மிக்கேல் சம்மனசு கோவில், கையில் தராசோடு நிற்கிற தேவதூதர்; திருவிழாத் தேருக்கு ஆளுயர மாலையை அண்ணிதான் கட்டுவார். அந்தக் கைப்பக்குவம் வேறு யாருக்கும் வராது. கட்டி முடித்ததும் தேர்க் கமிட்டி ஆட்கள் தெரு முனையிலேயே நின்று வாங்கிக்கொண்டு போவார்கள். மாலை போகும், தேர் வராது. தெரு குறுகல் என்பார்கள், கரண்டு கம்பி தாழ்வு என்பார்கள். கம்பியை உயர்த்திக் கட்டிய வருஷம், வழக்கமில்லை என்றார்கள். அதுதான் நிஜமான காரணம். நாங்கள் கீழத்தெரு ஆட்கள். ஞானஸ்நானம் எல்லோருக்கும் ஒரே தொட்டியில்தான். தேருக்கு மட்டும் தெரு பார்ப்பார்கள்.

"நான் கட்டுன மாலை சம்மனசு கழுத்துல எப்படி விழுந்திருக்குன்னு என் வாசல்ல உக்காந்து நான் பாக்கணும். அவ்வளவுதான். மோட்சமா கேட்டேன்?" வருஷாவருஷம் அண்ணி இதைச் சொல்வார், வருஷாவருஷம் நாங்கள் தலையைக் குனிந்துகொள்வோம். "வாக்கா, ரோட்டுக்குத் தூக்கிட்டுப் போறேன்" என்று பங்கிராசு முதுகைக் காட்டினாலும் ஏற மாட்டார். "நான் ஏன் போகணும்? அது வரட்டும்" என்பார். இந்த வருஷம் தேர் சனிக்கிழமை.

தெருவுக்கு இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதான். கோவில் கோபுரத்து ஒலிபெருக்கிக் குழாய் எங்கள் தெருவைப் பார்த்துத்தான் கட்டியிருக்கிறது. காது கிழிகிறது என்று மேலத்தெருக்காரர்கள் ஒரு காலத்தில் அதை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள். ஞாயிறு தவறாமல் பிரசங்கம் மொத்தமும் எங்கள் தெருமேல் கொட்டும். ஆண்டவர் ஆள் முகம் பார்ப்பவர் இல்லை, தள்ளப்பட்டவனைத் தேடிப் போகிறவர், கடைசியில் வந்தவனுக்கும் முதல் இடம் தருகிறவர், அடுத்தவனுக்கு நியாயம் செய்யாதவன் பூசை அவருக்கு வேண்டாம் என்று சாமியார் தொண்டை கிழியச் சொல்வார். மனுஷர்கள் நாங்கள் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் கறிக்குழம்பு வைப்போம். தெரு எங்கே போகும்? படுத்த இடத்திலேயே அத்தனையும் கேட்டது. நம்பியும் விட்டது.

தேர்க் கமிட்டித் தலைவர் இஞ்ஞாசியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். மேலத்தெருவில் மாடி வீட்டுக்காரர். வழியில் படுத்த எருமையை அதட்டுவதுபோல் தெருவை அதட்டினார். தெரு அசையவில்லை.

"ஏம்ப்பா பங்கிராசு, உங்க தெருவ எடுக்கச் சொல்லு."

"நான் சொன்னா கேக்குங்களாய்யா? அது தெரு."

"அப்ப தேர் எப்படிப் போகும்?"

"இது வழியாத்தான் போகணும்" என்றேன் நான். சொல்லும்போதே சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

அன்றைக்கே கமிட்டி கூடியது. இந்த வருஷம் தேர் வாய்க்கால் கரை வழியாகப் போகும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். தெருவுக்குக் கேட்காமலா இருக்கும்? அறிவிப்பு முடியும் முன்பே என் அடுப்பில் உலைப்பானை ஆடத் தொடங்கியது.

வாய்க்கால் கரையில் போய் இறங்கினோம். அடேயப்பா, என்ன காற்று! மறுநாள் பள்ளிக்கூட மைதானம் வழி என்றார்கள். மைதானத்துக்குப் போனோம். டீச்சர் மணியடித்ததும் மூன்றாம் வகுப்பு என் அடுப்படியில் வரிசையாக உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்னது. குறை சொல்லக் கூடாது, தெரு பக்குவமாகத்தான் நடந்தது. உலை கொதிக்கும்போது நிற்கும். கஞ்சி வடித்த பிறகு புறப்படும். கைப்பிள்ளை தூங்குகிற வீட்டை அலுங்காமல் கொண்டுபோகும். திருப்பத்தில் மட்டும் பாத்திரங்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அண்ணிக்கு நடக்கிற வீடு ரொம்பப் பிடித்துப்போனது. ஜன்னலோரக் கட்டிலில் பூவும் நாருமாக உட்கார்ந்துகொண்டு, "ஏ மதலேனா, இதுதான் ஆஸ்பத்திரியா? இதுதான் புது பஸ் ஸ்டாண்டா? இதுக்கா இம்புட்டுப் பீத்திக்கிட்டானுங்க!" என்று என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார்.

எங்கள் தெருவில் ஒருத்தரும் வேலைக்குப் போகவில்லை. குளித்து, புதுசு கட்டி, தட்டில் உப்பும் மிளகும் வைத்துக்கொண்டு வாசலிலேயே இருந்தோம். தேர்மேல் உப்பும் மிளகும் போடுவது எங்கள் ஊர் வேண்டுதல். நாங்கள் எப்போதும் பெரிய ரோட்டில், மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று வீசுவோம். பாதி அவர்கள் தலையில் விழுந்து திட்டு வாங்குவோம். இந்த வருஷம் நேரே தேரில் விழும் என்று நினைத்தாலே எனக்குக் கை பரபரத்தது.

வெள்ளிக்கிழமை கமிட்டி கடைசி அறிவிப்பைச் சொன்னது. தேர் வெளியே வராது. கோவில் மதிலுக்குள்ளேயே தீர்த்தம் தெளித்து மந்திரித்து, அங்கேயே நிறுத்தி, சம்மனசை அங்கேயே இறக்கிவிடுவார்கள். மாலையை வாங்க மட்டும் ஆள் வரும்.

அண்ணி பூக்கூடையைத் தள்ளி வைத்தார்.

"அக்கா" என்றார் பங்கிராசு.

"கட்டல. பிளாஸ்டிக் மாலை போட்டுக்கச் சொல்லு."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதார். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கோவிலைப் பார்த்துச் சம்மனசையே திட்டினேன். "கையில தராசு வச்சிருக்கியே, என்னத்தய்யா நிறுக்குற? மேலத்தெருவுக்கு வெங்காயமா?" பங்கிராசு பதறிப்போய்ச் சிலுவை போட்டுக்கொண்டார். நான் போட்டுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் தெரு உடம்பை முறுக்கியது. சுவரில் மாட்டியிருந்த படங்கள் ஆடின. மைதானத்தை விட்டுக் கோவில் பக்கம் திரும்பி, வாசலுக்கு நேராக நின்று, அதற்குமேல் நகராமல் காத்திருந்தது. எதற்குக் காத்திருக்கிறது என்று அண்ணிக்குத்தான் முதலில் புரிந்தது. மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"கூடைய எடுடி. சீக்கிரம்! சம்பங்கி வாடிரப்போவுது."

அவர் கட்டினார், நான் எடுத்துக் கொடுத்தேன், தெரு நின்றது. கடைசி முடிச்சுப் போட்டதும் நடந்தது.

கோவில் வாசல் குறுகல். தெரு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டது. எங்கள் வீடும் சகாயம் வீடும் ஒட்டிக்கொண்டன. நடுவில் நான் தட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பக்கவாட்டில் நின்றேன். சகாயத்தின் ஆடு கத்தியது. பிறகு உள்ளே போய்விட்டோம். பேண்டு செட்டுக்காரர்கள் யாரும் சொல்லாமலே வாசிக்க ஆரம்பித்தார்கள். பங்குச் சாமியார் தீர்த்தச் செம்போடு ஓடிவந்து, கடந்துபோகிற ஒவ்வொரு வீட்டுக்கும் தெளித்தார். தேர் நின்றது, தெரு பவனி வந்தது. ஒவ்வொரு வாசலும் தேருக்கு முன்னால் நின்று, உப்பும் மிளகும் போட்டுவிட்டு நகர்ந்தது. ஒரு மிளகுகூடக் கீழே விழவில்லை. நான் கத்திய கத்தலில் தொண்டை கட்டிவிட்டது.

எங்கள் வீட்டு முறை வந்தபோது இஞ்ஞாசியார் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தேருக்கு முன்னால் வந்து நின்றார். எங்கள் வாசற்படி அவர் கால் விரலில் இடித்து நின்றது. வாசலில் அண்ணி, மடி நிறைய மாலை.

"ஐயா, கொஞ்சம் தள்ளுங்க. கனக்குது."

அவர் மாலையைப் பார்த்தார். இத்தனை வருஷமும் தெரு முனையில் ஆளனுப்பி வாங்கிய மாலை. "குடு, நான் போட்டுடறேன்" என்று கையை நீட்டினார்.

"நான் போடுறேன்" என்றார் அண்ணி.

இஞ்ஞாசியார் நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு ஒதுங்கினார். எங்கள் வீடு மெல்லக் குதிகாலைத் தூக்கியது. அண்ணி சம்மனசின் முகத்துக்கு நேராக வந்தார். மாலையைப் போட்டார். ஒரு நுனி தராசில் மாட்டிக்கொண்டது; இஞ்ஞாசியார் தேர்ச்சட்டத்தில் ஏறி அதை எடுத்துவிட்டார். அண்ணி தலையைச் சாய்த்து இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"நல்லாத்தான் கட்டியிருக்கேன்" என்றார். நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரு பழைய இடத்தில் இருந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனால், குழாயை ஒட்டி இஞ்ஞாசியாரின் மாடி வீடு நிற்கிறது. எங்கள் தெருவுக்குக் கடைசியாக வந்த வீடு, தெருவிலேயே நல்ல இடம்! மற்ற வீடுகள் நகர்ந்து இடம் விட்டிருந்தன. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "இது எந்த ஊர் நியாயம்?" என்று தெருவைப் பார்த்துக் கேட்டேன். தெரு படுத்திருந்தது. ஜன்னலில் அண்ணி சிரித்தார்.

இஞ்ஞாசியார் குடத்தோடு வெளியே வந்தார். மேலத்தெரு ஆள் எங்கள் குழாயில் தண்ணீர் பிடித்து நான் பார்த்ததில்லை. வந்தவர் எனக்குப் பின்னால் போய் நின்றார்.

"தண்ணி எப்பம்மா வரும்?"

"வர்ற நேரந்தான். நில்லுங்க" என்றேன். கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

தண்ணீர் வந்தது. நான் பிடித்துக்கொண்டு திரும்பியபோது, அவருக்குப் பின்னால் கோவில் நின்றுகொண்டிருந்தது. வெறுங்கையோடு வந்திருந்தது. வீட்டுக்குப் போய் இன்னொரு குடம் எடுத்துவந்து கொடுத்தேன்.