அடைப்புக்குறியையும் சேர்த்துப் படித்தவள்

1

இந்தக் கதை எனக்கு உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் பஸ்ஸில் கிடைத்தது. கிடைத்தது என்றால் கீழே கிடந்ததை எடுத்தது போலிருக்கிறது. உண்மையில் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துத்தான் எடுத்தேன். எனக்கு முன் சீட்டில், ஜன்னலோரம், கல்லூரி வயதுப் பெண் ஒருத்தி. மடியில் அட்டை போட்ட புத்தகம். உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக் கெஞ்சுவாள். உடனே இந்தப் பக்கம் திரும்பி முறைப்பாள். காதில் எதையாவது மாட்டியிருக்கிறாளா என்று கண்டக்டர் குனிந்தே பார்த்துவிட்டார். எதுவும் இல்லை.

"யார்கிட்டம்மா பேசிக்கினு வர்ற?"

"எங்கம்மாகிட்டண்ணா. அவங்க இன்னும் பதில் சொல்லல."

என் நிறுத்தம் வந்தது, இறங்கிவிட்டேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் நான் கட்டியது. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டாலும் தயவுசெய்து பாதியில் எழுந்து போகாதீர்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கோடை விடுமுறைக்குத் திரும்பிய இளமதியை, வெயிலில் வாடிய காவாந்தண்டலம் தன் இரு கைகளையும்—'

வேண்டாம். எந்த ஊருக்கும் கை கிடையாது. பஸ் நின்றது, பையோடு இறங்கினாள், வீட்டுக்கு நடந்தாள். பையில் துணி கொஞ்சம், நாடகப் புத்தகம் நிறைய.

இளமதி சென்னையில் நடிப்பு படிக்கிறாள். முதல் வருஷம் முடிந்திருக்கிறது. லீவில் படித்துவிட்டு வா என்று கல்லூரியில் ஒரு சுமை புத்தகம் கொடுத்திருந்தார்கள். கல்லூரி திறந்ததும் ஒரு நாடகத்துக்கு ஆள் எடுப்பார்கள். அதில் வரும் தாய் வேஷம் தனக்குக் கிடைக்க வேண்டும் என்பது அவள் ஆசை. கல்லூரிக்கே திரும்பிப் போக முடியுமா என்பது அவள் கவலை.

ஏனென்றால் அவள் அம்மா சுதா, தான் வேலை பார்க்கும் ஒரகடம் பக்கத்துக் கம்பெனியில் மகளுக்கும் ஒரு இடம் சொல்லி வைத்திருந்தாள்.

"சூப்பர்வைசரு சேத்துக்கறேன்னு சொல்லிகீறாரு. நடிப்பு எங்க ஓடிடப் போவுது?" என்றாள் ஒருநாள். 

அப்பா தினகரன் நெல் அறுக்கும் மிஷின் ஓட்டுகிறவர். அறுவடை எந்த ஜில்லாவிலோ அவரும் அங்கே. போனில் கேட்டால், "அம்மா இன்னா சொல்லுதோ அதான்" என்று வைத்துவிடுவார். ஆக, எல்லாம் சுதா கையில்.

3

மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்து இளமதி படித்தாள். கிளை நூலகத்திலிருந்து நாவல்கள், பைக்குள்ளிருந்து நாடகங்கள். ராஜாக்கள் வரும் நாடகம், ஒரே அறைக்குள் அண்ணன் தம்பி சொத்துச் சண்டை போடும் நாடகம், கடைசிவரை யாருமே வாய் திறக்காத ஒரு நாடகம்.*

நாவல் அவளுக்குச் சுலபமாக இருந்தது. அம்மா என்ன நினைத்தாள் என்று அதில் எழுதியிருக்கும். நாடகத்தில் அம்மா என்ன சொன்னாள் என்பது மட்டும்தான் இருக்கும். நினைத்ததை நடிக்கிறவள் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். அங்கேதான் இளமதி திணறினாள்.

அவள் ஆசைப்பட்ட வேஷத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மகள் ஊரைவிட்டுப் போக நினைக்கிறாள். தாய் கதவைப் பூட்டிக்கொண்டு, முடியவே முடியாது என்கிறாள். அடுத்து புத்தகத்தில் இருப்பது இவ்வளவு:

(நீண்ட மௌனம். கதவைத் திறக்கிறாள்.)
தாய்: போய்ட்டு வா.

மேலே முடியாது என்றவள் கீழே ஏன் திறக்கிறாள்? இளமதிக்குப் புரியவில்லை. புரியாததால் அந்த இடம் வந்தாலே அழுதாள். அழுதால் சரியாகிவிடும் என்று நினைத்தாள்.

[எனக்கும் இதே தொல்லைதான். சுதாவை எழுத உட்கார்ந்தால் அவள் மனசுக்குள் நுழைய வழி தெரியவில்லை. 'மகளைப் பிரிய மனமில்லாமல்தான் சுதா' என்று ஒரு வாக்கியம் எழுதி, அடித்தேன். எனக்கென்ன தெரியும்? வேலைக்குப் போய் வந்து, சமைத்து, டிவியைப் பார்த்தபடி தூங்கிப்போகிற பெண். அவள் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.]

* யாரும் பேசாத நாடகத்தை எப்படிப் படிப்பது என்று கேட்காதீர்கள். இளமதி சீக்கிரமே முடித்துவிட்டாள்.

4

"ம்மா, மக பேசறத நீ படி. அம்மா பேசறத நான் பேசறேன்."

"எனுக்கு இன்னா தெரியும்?"

"சும்மா படிம்மா."

சுதா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தண்ணீர்ச் சொம்பில் புத்தகத்தைச் சாய்த்துவைத்து, வரிக்குக் கீழே விரலை ஓட்டி, பள்ளிக்கூடத்தில் எழுப்பிவிட்ட பிள்ளை மாதிரி ஒரே சத்தத்தில் படித்தாள்: "நான் போக வேண்டும் அம்மா பெட்டியை எடுக்கிறாள்."

"ஐயோ, பிராக்கெட்ல கீறத படிக்கக்கூடாதும்மா. அது செய்யறதுக்கு."

"படிக்கக்கூடாதுன்னா எதுக்கு எழுதிகீறான்?"

இளமதி விழுந்து விழுந்து சிரித்தாள். சுதாவும் சிரித்தாள். இருவரும் சேர்ந்து சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. அதற்குப்பிறகு சுதா காலை ஷிப்ட் முடிந்து வரும் நாளெல்லாம், "எங்கடி அந்த புக்கு?" என்று அவளே கேட்டாள். அடைப்புக்குறியை மட்டும் விடவில்லை. "அழுகிறாள்," என்று கணீரென்று படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போவாள்.

5

ஒரு சாயங்காலம் சுதா அடைப்புக்குறியைப் படிக்கவில்லை. கீரை முறத்தைத் தள்ளினாள், எழுந்தாள், ஆணியில் மாட்டியிருந்த கட்டைப்பையை எடுத்தாள். புத்தகம் சொம்பிலேயே சாய்ந்திருந்தது.

"கதவத் தொற. நான் போவணும். இந்த வூட்டுலியே இருந்து நான் இன்னாத்த கண்டேன்?"

கடைசி வாக்கியம் புத்தகத்தில் இல்லை. (அந்த நாடகத்தையும் நான்தான் இட்டுக்கட்டினேன், எனக்குத் தெரியும்.) இளமதி எழுந்துவிட்டாள். பதில் பேச வாயெடுப்பதற்குள் பக்கத்து வீட்டு முனியம்மாள் ஈரக் கையோடு ஓடிவந்து வாசலை மறித்தாள். அந்தத் தெருவில் சுதா குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கேட்டால் சும்மா இருப்பார்களா?

"அடியே சுதா! வயசுப் பொண்ண வூட்ல வெச்சிக்கினு எங்கடி கெளம்பிட்ட? தினகரன் போன்ல எதுனா சொன்னானா? இரு, அவன நான் கேக்கறேன். மொதல்ல பைய வுடு!"

பையின் ஒரு காதை முனியம்மாள் இழுக்க, மறு காதைப் பிடித்தபடி சுதா சொன்னாள்:

"ஐயே, வுடுக்கா. நான் எங்க போவப் போறேன்? போறது அது. காலேஜ் தொறந்தா அது கெளம்பிடும். நான் இங்கியேதான் கீறேன்."

"அத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?" என்று முனியம்மாள் திட்டிக்கொண்டே போனாள்.

சுதா பையை மாட்டிவிட்டு உட்கார்ந்து, கீரையை இழுத்துக்கொண்டாள். இளமதி நின்றது நின்றபடியே இருந்தாள். கேட்டதைத் திரும்பக் கேட்கப் பயமாக இருந்தது. கேட்டால் மாற்றிச் சொல்லிவிடுவாளோ?  போக வேண்டும் என்று தவித்தவளுக்கு, அந்த நிமிஷம் அம்மாவை விட்டு எங்கேயும் போகவே பிடிக்கவில்லை.

"உன் பங்கு வந்துச்சி பாரு. படி," என்றாள் சுதா, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் இளமதி கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். முனியம்மாள் பையை இழுத்தபோது சுதா சொன்னதை நினைத்துக்கொண்டேன், அடித்துவிட்டேன். இன்னொன்றில் இளமதி மேடையில் நிற்க, முதல் வரிசையில் சுதா கண்ணைத் துடைத்தாள். படிக்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அன்றைக்கு சுதாவுக்கு யார் லீவு கொடுத்தது? மூன்றாவதில், மறுநாள் காலை இளமதி தைரியமாகக் கேட்கிறாள். "நான் எப்போடி அப்டி சொன்னேன்?" என்கிறாள் சுதா. இப்படியும் நடக்கும். நடந்துவிடக் கூடாதே என்று எனக்கும் இருந்தது, அதனால் அந்தக் காலை விடிவதற்கு முன்பே

7

நிறுத்திவிட்டேன்.

பஸ்ஸில் அந்தப் பெண் சொன்னது ஞாபகமிருக்கிறதல்லவா, அவள் அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை. என் கதையில் சுதா சொல்லிவிட்டாள், ஆனால் முனியம்மாளிடம்தான் சொன்னாள். அதையே மகளிடம் சொல்ல வேண்டிய வரி புத்தகத்தில் இருக்கிறது. அது இளமதியின் பங்கு. புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குக் குரல் வரவில்லை. நீங்கள் படியுங்கள். மனசுக்குள் வேண்டாம், வாய்விட்டு. அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் படிக்காதீர்கள், செய்யுங்கள்.

(நீண்ட மௌனம். கதவைத் திறக்கிறாள்.)
தாய்: போய்ட்டு வா.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து யாராவது ஓடிவந்து, "யாரை அனுப்புறீங்க?" என்று கேட்டால், யோசிக்காமல் உங்கள் வாயில் என்ன வருகிறதோ அதுதான் இந்தக் கதையின் முடிவு.