கருத்தையாவின் சிவப்பு சைக்கிள்

போர்க்கால ராணுவ சைக்கிள்களைத் தேடி அலைகிறேன் என்பது 1971-இல் காரைக்குடி முழுக்கத் தெரிந்துபோனது. அன்றிலிருந்து கண்ட சைக்கிளுக்கெல்லாம் பச்சை அடித்துவிட்டு எனக்கு ஆள் அனுப்பினார்கள்.

நெற்குப்பையிலும் அதே கதைதான். கருத்தையா என்ற விவசாயி பஸ் நிற்கும் இடத்திலிருந்து தன் சிவப்பு சைக்கிளின் கேரியரில் என்னை உட்காரவைத்து, இரண்டு மைல் மிதித்துத் தன் பங்காளி வீட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே நின்ற ராணுவ சைக்கிளைத் தொட்டேன். பச்சைப் பெயிண்ட் விரலில் ஒட்டியது.

திரும்பும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். "பாராசூட்ல குதிக்கிற பட்டாளத்தான் சைக்கிள் நடுவுல மடங்கணும்யா. அதுகூடத் தெரியாம ஏமாத்த வந்துட்டாங்க."

கருத்தையா பிரேக்கைப் பிடித்தார். இறங்கி, சைக்கிள் பாரைச் சுற்றித் தைத்திருந்த சாக்கை விலக்கிக் காட்டினார். வளைந்த இரட்டைக் குழாய்கள், நடுவில் கீல், அதன்மேல் தடித்த வெல்டிங்.

"எங்க மாமா பட்டாளத்து ஏலத்துல எடுத்தது. மூட்டைய வச்சா மடிஞ்சு மடிஞ்சு விழுந்துச்சு. அதான் காரைக்குடி செக்காலைப் பட்டறையில வெல்டு வச்சேன். பச்சை நல்லாயில்லன்னு ஆயுத பூசைக்குச் சிவப்பு அடிச்சேன்."

ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. "இத எனக்குக் குடுத்துருங்க."

கருத்தையா யோசித்தார். "குடுத்துட்டா, நீக பஸ்ஸுக்கு எதுல போவீக?"